கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது, ஆனால் பஸ் ஏறத் தெரியாது

சுன்னாகத்தாள்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மாதம் முதலாம் திகதி கொழும்பில் வேலைக்குச் சேர வேண்டும். கந்தோர் யூனியன் பிளேஸில். தங்குவதற்கு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அறை பார்த்தாயிற்று, அம்மாவின் சிநேகிதி வீட்டு மேல்மாடி, அதனால் தங்குமிடம் பற்றிக் கவலை இல்லை. கவலை எல்லாம் வாசலுக்கு வெளியேதான்.

இதுவரை மூன்று தடவை கொழும்புக்குப் போயிருக்கிறேன், மூன்றும் வான் பிடித்து, குடும்பத்தோடு. ஒருமுறை மாமாவை விமான நிலையத்தில் ஏற்றிவிட, ஒருமுறை கலியாணம், ஒருமுறை விசா அலுவல். மூன்று முறையும் நான் பார்த்தது வான் யன்னலும் நித்திரையும். ஊரில் ஸ்கூட்டியில் திரிகிறவள் நான். சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில், தட்டாதெருச் சந்தி என்று கண்ணை மூடிக்கொண்டு போவேன். வழி தவறினால் யாரையாவது கேட்கலாம், கேட்கிற ஆளுக்கு எங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும்.

சிங்களம் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் வாய் திறக்காது.

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருந்து யூனியன் பிளேஸுக்கு பஸ்ஸா, ரயிலா? தினமும் ஓட்டோவில் போகிற அளவுக்குச் சம்பளம் இல்லை. பிந்தி வேலை முடிந்தால் எப்படித் திரும்புவது? கூகிள் மேப்பை நம்பிப் போகலாமா? அம்மா வேறு ஒவ்வொரு நாளும் புதுசு புதுசாகப் பயம் காட்டுகிறா.


மூன்றாம் குறுக்குத்தெரு:

முதலில் ஒரு திருத்தம். தலைநகரம் கொழும்பு இல்லை, சிறி ஜெயவர்த்தனபுரக் கோட்டை. 1982இல் பாராளுமன்றம் அங்கே போய்விட்டது. பரீட்சைக்கு வரும், பாடமாக்கி வையுங்கள். சரி, பகிடி முடிந்தது, விசயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.


பழைய போர்டிங்காரன்:

தங்கச்சி, நான் 11 வருடம் வெள்ளவத்தையில் இருந்துவிட்டு இப்போது திருநெல்வேலிக்கே திரும்பி வந்தவன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குக் கொழும்பு ஏற்கெனவே பாதி தெரியும். உங்களுடைய கே.கே.எஸ். வீதியைத் தூக்கிக் கடற்கரையில் வையுங்கள், அதுதான் காலி வீதி. வடக்கே கோட்டை, புறக்கோட்டை. அங்கிருந்து தெற்கே காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. ஒரே நூலில் கோர்த்த மாதிரி. வெள்ளவத்தையில் நின்று கோட்டைப் பக்கம் பார்த்தால் கடல் இடது கைப்பக்கம், திரும்பி வரும்போது வலது கைப்பக்கம். முதல் இரண்டு மாதத்துக்கு இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள். எங்கே குழம்பினாலும் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கம் நடந்தால் காலி வீதி வரும், காலி வீதி வந்தால் வீடு வரும்.

ஓட்டோக்காரர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: சீ சைட்டா, லேண்ட் சைட்டா? காலி வீதியின் இரண்டு பக்கமும் ஒழுங்கைகள் போகும், உங்களுடையது கடல் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே சீ சைட். ஒழுங்கைப் பெயரோடு சேர்த்து அதையும் அம்மாவுக்குப் பாடமாக்கிக் கொடுங்கள், பார்சல் அனுப்ப உதவும்.

இனி யூனியன் பிளேஸ். அது கொழும்பு 2. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரயில்தான். வெள்ளவத்தை நிலையம் கடலோடு ஒட்டினாற்போல் இருக்கிறது, உங்கள் ஒழுங்கையில் இருந்து மரைன் டிரைவுக்கு இறங்கினால் நடந்தே போகலாம். கோட்டை, மருதானைப் பக்கம் போகிற எந்த மெதுவண்டியிலும் ஏறுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, மூன்றாவது கொம்பனித்தெரு, அங்கே இறங்குங்கள். அங்கிருந்து யூனியன் பிளேஸ் பத்துப் பதினைந்து நிமிட நடை. காலி வீதி எவ்வளவு இறுகிக் கிடந்தாலும் ரயிலுக்கு அது பற்றிக் கவலை இல்லை.

ஒரு சிக்கல். காலையில் அந்த ரயில்கள் களுத்துறை, பாணந்துறையில் இருந்தே நிரம்பி வரும். வெள்ளவத்தைக்கு வரும்போது வாசலில் ஆட்கள் தொங்குவார்கள். அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால் மூச்சு விடலாம்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் எங்கள் ஆட்கள் அடிபடுகிறார்கள். நாங்கள் ஒரு பெயர் சொல்வோம், பஸ்ஸில் நடத்துனர் கத்துவது வேறு பெயர். புறக்கோட்டை என்றால் அவருக்குப் ‘பிட்டகொட்டுவ’. கோட்டை என்றால் ‘கொட்டுவ’. கறுவாத்தோட்டம் ‘குருந்துவத்த’. நீதிமன்றம் இருக்கிற புதுக்கடை ‘அலுத்கடே’. முகத்துவாரம் ‘மோதர’. நீங்கள் இறங்கப் போகிற கொம்பனித்தெரு சிங்களத்தில் ‘கொம்பஞ்ஞ வீதிய’, இங்கிலிஷில் பழைய ஆட்கள் ஸ்லேவ் ஐலண்ட் என்பார்கள். மூன்றும் ஒரே இடம். நான் போன புதிதில் கறுவாத்தோட்டம் எங்கே என்று பஸ் பஸ்ஸாகக் கேட்டு, கடைசியில் ஒரு கறுவாப்பட்டை விற்கிற கடையைக் காட்டினார்கள்.


நெல்லியடி அக்கா:

ரயில் நல்லதுதான், ஆனால் மேலே எழுதிய அண்ணை ஆம்பிளை, அவருக்குத் தொங்கிக்கொண்டு போகலாம். நான் 6 வருடமாகக் கொழும்பில் வேலை செய்கிறேன், காலையில் பஸ்ஸில்தான் போவேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு வந்து நின்றால் 100ம் 101ம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், இரண்டும் புறக்கோட்டைக்குப் போகிறவை, 100 பாணந்துறையில் இருந்து, 101 மொரட்டுவையில் இருந்து. கொள்ளுப்பிட்டியில் இறங்கி அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் யூனியன் பிளேஸுக்குக் கிட்டத்தான், பங்குபோட ஒரு ஆள் கிடைத்தால் இன்னும் நல்லம். பொரளைப் பக்கம் போக வேண்டி வந்தால் 154. நாரஹேன்பிட்டிக்கு 141. பத்தரமுல்லைக்கு யாராவது அனுப்பினால் கொள்ளுப்பிட்டியில் 177 பிடியுங்கள், கடுவெல வரை போகிற பஸ். எங்களுக்குப் பருத்தித்துறை பஸ் 750 மாதிரி, இதுவும் பழகிவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். காலையில் காலி வீதியால் போன பஸ் பின்னேரம் திரும்பி வரும்போது ஒரு துண்டுக்கு, காலி வீதிக்குச் சமாந்தரமாகப் போகிற டுப்ளிகேசன் வீதியால் வரும். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு பஸ் வரவில்லை, வரவில்லை என்று நான் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறேன். மழை வேறு.

பஸ்ஸில் ஏறுகிறவளுக்குச் சில விசயங்கள், வெட்கப்படாமல் எழுதுகிறேன். தோள்பையை முன்னுக்குப் போடுங்கள். சட்டைப்பின் ஒன்று கையில் எட்டுகிற இடத்தில் குத்தி வையுங்கள், எதற்கு என்று பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு ஒருமுறை தெரிந்தால் போதும், அவர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவார். சாரதிக்குப் பின்னால் இருக்கிற இருக்கைகள் நல்லவை, பெண்கள் அங்கேதான் சேருவார்கள். யாராவது எல்லை மீறினால் சத்தம் போடுங்கள், எந்தப் பாஷையிலும் போடலாம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

சில்லறை முக்கியம். ஏறியவுடன் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துனர் மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்று போய்விடுவார், நீங்கள் இறங்கும்போது அவர் பின் வாசலில் இருப்பார். அதற்கு ஒரு சொல்: ‘இத்துரு சல்லி’. அதாவது மிச்சக் காசு. சத்தமாகச் சொல்லுங்கள், வந்துவிடும். இறங்க வேண்டும் என்றால் ‘பஹினவா’. எவ்வளவு என்றால் ‘கீயத’. ‘மட சிங்ஹல தேரென்னே நே’ என்றால் எனக்குச் சிங்களம் விளங்காது. வேடிக்கை என்னவென்றால் அதைச் சிங்களத்தில் திருத்தமாகச் சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள், இன்னும் வேகமாகக் கதைப்பார்கள். கொஞ்சம் பிழையாகவே சொல்லுங்கள்.

நடத்துனர் பெடியனை ‘மல்லி’ என்று கூப்பிடலாம், தம்பி என்று அர்த்தம். நான் முதல்முறை கேட்டபோது யாரோ பஸ்ஸுக்குள் கொத்தமல்லி விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் உங்களை ‘அக்கா’ என்பார்கள். அது அவர்களுக்கும் அக்காதான்.


சுன்னாகத்தாள்:

அக்கா, சட்டைப்பின் விசயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உடனே ஒரு அட்டை முழுக்க வாங்கி வந்துவிட்டா. 100, 101, 154, 141, 177 எழுதி வைத்திருக்கிறேன். இரவில் பிந்தினால்?


நெல்லியடி அக்கா:

இரவு எட்டுக்குப் பிறகு யோசிக்காமல் பிக்மீ, ஊபர் இரண்டில் ஒன்று. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள், ஒன்றில் வண்டி இல்லாவிட்டால் மற்றதில் இருக்கும். விலை முன்னுக்கே தெரியும், பேரம் பேசத் தேவை இல்லை, பயணத்தை வீட்டுக்கார அன்ரிக்குப் பகிர்ந்துவிடுங்கள். ஏற முன்னர் இலக்கத் தகட்டைப் பாருங்கள். சாரதி போன் எடுத்து ‘கொஹெத இன்னே’ என்பார், எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். வாய் அடைத்தால் போனைப் பக்கத்தில் நிற்கிற காவலாளியிடம் கொடுங்கள். நான் மூன்று மாதம் எங்கள் கட்டட வாசலில் இருந்த காவலாளி ஐயாவை வைத்தே காலம் தள்ளினேன், பாவம் அவர், ஓய்வு பெற்ற ஆள், ஒவ்வொரு நாளும் என்னுடைய ஓட்டோவுக்கு அவர்தான் வழி சொல்வார். வெள்ளவத்தைக்குள் ஓடுகிற ஓட்டோக்காரர் பலர் தமிழ் கதைப்பார்கள், அங்கே பயம் இல்லை.


கோண்டாவில் பெடியன்:

பெயர்களைப் பற்றி எழுதிய அண்ணை சொன்ன ஒரு பெயருக்கு இன்னொரு இடமும் இருக்கிறது, அதனால்தான் எனக்கு ஒரு வேலை போனது. கோட்டை.

எனக்கு நேர்முகத் தேர்வு என்று கடிதம் தமிழில் வந்தது, முகவரியில் ‘கோட்டை’. நானும் இரவு பஸ்ஸில் போய், விடிய முகம் கழுவி, சேட்டை மாற்றி, காலை எட்டு மணிக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கிறேன். இந்தத் திரியில் முதல் ஆள் பகிடிக்கு எழுதினாரே, சிறி ஜெயவர்த்தனபுரக் கோட்டை, அந்தக் கோட்டை! தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். சிங்களவருக்கு இந்தக் குழப்பமே இல்லை, ஒன்று ‘கொட்டுவ’, மற்றது ‘கோட்டே’. ஒரு ஓட்டோக்கார ஐயாதான் கடிதத்தை வாங்கி வாசிக்கத் தெரியாமல் அங்கே இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு, தம்பி இது பாராளுமன்றப் பக்கம் என்று சொன்னார். தூரம் பெரிதில்லை. ஆனால் காலை எட்டரைக்கு மருதானையில் இருந்து இராஜகிரிய வரை வாகனங்கள் நிற்கிற நிலையில், பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆகவே யாராவது கோட்டை என்றால், ‘கொழும்பு 1ஆ, பாராளுமன்றக் கோட்டையா’ என்று கேளுங்கள். அப்படியே எந்த முகவரிக்கும் கொழும்புக்குப் பின்னால் வருகிற இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை. 15 வரை இருக்கிறது. கோட்டே இந்தக் கணக்கிலேயே வராது. நான் அதைக் கவனித்திருந்தால் இன்றைக்கு உங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்திருப்பேன்.

கூகிள் மேப்புக்குப் பதில்: வழிக்கு நம்பலாம், நேரத்துக்கு நம்ப வேண்டாம். மழை பெய்தால் நேரத்துக்கு யாரையும் நம்ப வேண்டாம்.


மூன்றாம் குறுக்குத்தெரு:

என் பகிடியால் ஒரு ஆளுக்காவது பிரயோசனம்.

இன்னொன்று, முதல்நாள் பஸ்ஸில் போகும்போது புறக்கோட்டையில் இறங்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிடுகிற இரவு பஸ்கள் பல வெள்ளவத்தை வரையே ஓடுகின்றன, ரிக்கற் பதியும்போதே கேட்டு எடுங்கள். விடிய நாலு மணிக்கு, 400 கிலோமீற்றர் கால் மடக்கி இருந்துவிட்டு, இரண்டு பெட்டியோடு புறக்கோட்டையில் நிற்பது யாருக்கும் வேண்டாம். பிறகு ஒரு ஞாயிறு பகலில் சும்மா வாருங்கள், குறுக்குத்தெருக்களைச் சுற்றிப் பாருங்கள். இரண்டாம் குறுக்குத்தெருவில் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேல் பழையது, வழி தவறினால் அதன் கோபுரத்தைத் தேடுங்கள். நகைக்குச் செட்டியார் தெரு. ஆடிவேல் திருவிழா நேரத்தில் வந்தால் தேர் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்கு வெளிக்கிடும், அன்றைக்குக் காலி வீதியை மறந்துவிடுங்கள்.


வடமராட்சியான்:

பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. நான் 2006இல் இருந்து 2009 வரை வெள்ளவத்தையில் இருந்தேன். அப்போது எங்களுடைய கொழும்பு வரைபடம் வேறு, சோதனைச்சாவடிகளை வைத்துத்தான் வழி சொல்வோம். எந்த ஒழுங்கையால் போனால் இரண்டு சோதனை, எதனால் போனால் ஒன்று என்று கணக்கு. வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும், அந்தத் துண்டை அடையாள அட்டையோடு மடித்து வைத்திருப்போம். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த எங்கள் ஆட்களை இரவோடு இரவாக பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள், பிறகு உயர் நீதிமன்றம்தான் தடுத்தது. இதைப் பயம் காட்ட எழுதவில்லை தங்கச்சி. உங்கள் அம்மாவின் பயம் எங்கே இருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். அவ நினைக்கிற கொழும்பு அந்தக் கொழும்பாக இருக்கும். முதல் மாதம் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தவுடன் ஒரு அழைப்பு எடுங்கள்.

அடையாள அட்டையை இப்போதும் கையில் வைத்திருங்கள், அது எங்கே போனாலும் நல்லது. குடையும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே வைகாசியிலும் கொட்டும், கணுக்கால் அளவு தண்ணீருக்குள் நடக்க வேண்டி வரும், தோல் செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.


சுன்னாகத்தாள்:

எல்லோருக்கும் நன்றி, போய் ஒரு கிழமை ஆயிற்று. திரியை மூட முதல் எழுதுகிறேன்.

முதல்நாள் போர்டிங்கார அண்ணை சொன்ன மாதிரி ரயிலில் போனேன். ஏறினேன், ஏறியது நான் இல்லை, பின்னால் நின்றவர்கள் என்னை ஏற்றினார்கள். யன்னல் கம்பியைப் பிடித்தால் கை பிசுபிசுத்தது, உப்பு. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று விரலில் எண்ணிக்கொண்டே நின்றேன், மூன்றாவது கொம்பனித்தெரு என்று சரியாகத் தெரியும், ஆனால் வாசலுக்கும் எனக்கும் நடுவில் ஏழு பேர். ‘பஹினவா’ என்று சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. ரயில் என்னைக் கோட்டைக்குக் கொண்டுபோய் இறக்கியது, நல்ல காலம் கொழும்பு 1 கோட்டை. அங்கிருந்து திரும்பி நடந்தேன். அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டபடியால் ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன், வேர்வையில் குளித்தபடி.

இரண்டாம் நாளில் இருந்து கொள்ளுப்பிட்டியில் ரயில் வெளிக்கிட்டவுடனேயே வாசலை நோக்கி நகரத் தொடங்குகிறேன். மூன்றாம் நாள் ஒரு வயதான சிங்கள அம்மா எனக்கு முன்னால் நின்றவரைத் தட்டி, இந்தப் பிள்ளை இறங்கப் போகுது என்கிற மாதிரி ஏதோ சொன்னா. இப்போது இருவரும் ஒரே பெட்டியில்தான் ஏறுகிறோம். அவ மருதானைக்குப் போகிறவ. என்ன பெயர் என்று இன்னும் கேட்கவில்லை.

பின்னேரத்துக்கு 101. இத்துரு சல்லி மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் கிடைத்தது.

ஒரு கேள்வி மிச்சம். ரயிலுக்கு மாத சீசன் ரிக்கற் எடுக்கலாம் என்கிறார்கள், எங்கே கேட்பது?


பழைய போர்டிங்காரன்:

வெள்ளவத்தை நிலையத்தில் ரிக்கற் கொடுக்கிற யன்னலிலேயே கேளுங்கள். காலையில் கேட்காதீர்கள், பின்னால் நிற்கிற வரிசை உங்களைத் தின்றுவிடும். பின்னேரம் வந்து இறங்கும்போது கேளுங்கள்.